டெக்சஸில் இன்டீரியர் டிசைனர் பதிவை நிறுத்திவைக்க நோட்டீஸ் வந்தால்

உறையைப் பிரித்ததும், கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். உறையையும் தூக்கிப் போடாதீர்கள். இனி எண்ணப்போகும் நாள்களுக்கு அதுதான் ஆதாரம்.

டெக்சஸில் இந்தப் பதிவைக் கொடுப்பதும் பறிப்பதும் ஆஸ்டினில் உள்ள கட்டடக் கலைஞர்களுக்கான மாநில வாரியம். 1937 மார்ச்சில் டெக்சஸின் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயு வெடித்து 300 பேர் வரை இறந்தார்கள். அதையொட்டி அதே ஆண்டில் பிறந்த வாரியம் இது. இன்டீரியர் டிசைனர்கள் 1991இல் இதன் கீழ் வந்தார்கள். விளக்கு, திரைச்சீலை விஷயத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர்கள் இந்தப் பிறப்பை நினைவில் வைக்க வேண்டும்: தீ பரவும் பொருள், வெளியேறும் வழி, சக்கர நாற்காலி திரும்பும் இடம் எல்லாமே இந்தத் தொழிலின் வரைபடத்தில்தான் முடிவாகின்றன.

உங்கள் மீது புகார் வந்தால் வாரியம் முதலில் அனுப்புவது பெரும்பாலும் விளக்கம் கேட்கும் கடிதம்தான். கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், கேட்ட ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். “புகாரே பொய், இதற்கு என்ன பதில்” என்று விட்டுவிட்டால், புகார் பொய்யாகவே இருந்தாலும் பதில் தராதது தனிக் குற்றமாகச் சேர்ந்துவிடும். பழைய முகவரிக்குக் கடிதம் போய்விட்டது என்ற சாக்கும் உதவாது. வீடு மாறினால் வாரியத்தின் பதிவேட்டிலும் முகவரியை மாற்றியிருக்க வேண்டும்.

பதிலோடு ஒப்பந்தம், வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள், பதிவு பெற்றவர் என்ற முறையில் உங்கள் முத்திரையிட்ட வரைபடங்களின் எல்லாத் திருத்தப் பிரதிகள், ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வையுங்கள். கோபத்தில் எழுதிய முதல் வரைவை அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னால் விசாரணையில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படலாம். வழக்கறிஞரைப் பிடிப்பதென்றால் இந்தக் கட்டத்திலேயே பிடியுங்கள்.

புகார் தொடர்கல்வி, அதாவது பதிவு பெற்றவர்கள் ஆண்டுதோறும் படிக்க வேண்டிய பாடம், பற்றியது என்றால் கணக்கு எளிது: ஓர் ஆண்டுக்கு 12 மணி நேரம், அதில் குறைந்தது 8 மணி முறையான வகுப்பாக இருக்க வேண்டும், ஒரு மணி மாற்றுத்திறனாளிகளுக்கான தடையற்ற வடிவமைப்பு, ஒரு மணி நீடித்த அல்லது ஆற்றல் சிக்கன வடிவமைப்பு. சான்றிதழ்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மணி நேரம் குறைந்ததைவிட மோசமானது, புதுப்பிக்கும்போது “முடித்துவிட்டேன்” என்று பொய்யாக உறுதி சொன்னது. குறைந்த மணியைப் பிறகு படித்து ஈடுகட்டலாம், பொய் உறுதியைத் திரும்பப் பெற வழியில்லை.

பதிவை நிறுத்தும் நடவடிக்கையைத் தொடங்கும் முன், குற்றச்சாட்டின் விவரத்தை நேரிலோ பதிவுத் தபாலிலோ தெரிவித்து, விதிகளுக்கு உட்பட்டிருப்பதைக் காட்ட வாய்ப்பும் தர வேண்டும் என்பது மாநில நிர்வாக நடைமுறைச் சட்டம். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். விசாரணை இல்லாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிக்கும் சமரச உத்தரவு ஒன்றை வாரிய ஊழியர்கள் முன்வைக்கலாம். கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் இருக்கிறதா; நிறுத்தம் உடனே அமலாகிறதா, அல்லது நன்னடத்தைக் காலமாக ஒத்திவைக்கப்படுகிறதா; என்னென்ன அறிக்கைகள் எப்போது தர வேண்டும். இறுதி உத்தரவு பொது ஆவணம், வேறு மாநிலத்தில் பதிவு கேட்கும்போதும் இதைச் சொல்ல வேண்டிவரும்.

சமரசம் வேண்டாம் என்றால் வழக்கு மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்துக்குப் போகும். அங்கே நிர்வாக நீதிபதி கேட்கிறார், நிரூபிக்கும் பொறுப்பு வாரிய ஊழியர்களுடையது. ஆனால் விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் குற்றச்சாட்டுகளை உண்மையென எடுத்துக்கொண்டே முடிவெடுக்கலாம். நீதிபதி தருவது பரிந்துரை மட்டும். இறுதி உத்தரவு வாரியத்துடையது. நீதிபதி கண்ட முடிவை வாரியம் மாற்றினால் அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

மேல்முறையீட்டில்தான் நல்ல வழக்குகள்கூட வீணாகின்றன. உத்தரவில் கையெழுத்தான நாளிலிருந்து 25 நாளுக்குள் மறுவிசாரணை மனு போட வேண்டும். இந்த மனு இல்லாமல் நேராக நீதிமன்றம் போனால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். மனு தள்ளுபடியாகி உத்தரவு இறுதியான பிறகு, ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட 30 நாள். நீதிமன்றம் புதிதாகச் சாட்சி கேட்காது, விசாரணையில் ஏற்கெனவே சேர்ந்த ஆவணங்களை வைத்துத்தான் பார்க்கும். ஆகவே ஆவணம் எல்லாம் விசாரணையிலேயே உள்ளே போயிருக்க வேண்டும்.

நிறுத்தம் அமலானால் அன்றே முத்திரையைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட், மின்னஞ்சல் கையெழுத்து, இன்ஸ்டாகிராம் குறிப்பு எல்லாவற்றிலிருந்தும் ‘பதிவு பெற்ற’ என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள். 2009இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு டெக்சஸில் வெறும் ‘இன்டீரியர் டிசைனர்’ என்பது பொதுப் பெயர். ‘பதிவு பெற்ற’ என்பதற்குத்தான் சட்டப் பாதுகாப்பு. எனவே அடைமொழி இல்லாமல் வீட்டு அலங்கார வேலை செய்து பிழைக்கத் தடையில்லை. அடைமொழியோடு செய்தால் ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை அபராதம் வரலாம், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனி மீறலாக எண்ணப்படலாம். மறந்துபோன பழைய விசிட்டிங் கார்டுக் கட்டையும் அன்றே கிழித்துவிடுங்கள்.