காலனி காலத்துச் சட்டமன்ற உறுப்பினர்களின் ரயில் பாஸ்களைச் சேகரிப்பது எப்படி?

ஆஸ்திரேலியக் காலனிகள் 1901 ஜனவரி 1 அன்று ஒரே கூட்டாட்சியாக இணைவதற்கு முன்பு, அங்கிருந்த சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கட்டணமின்றிப் பயணம் செய்ய ரயில் பாஸ் வழங்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடுவது, கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ள வளையம் வைத்த, சிறு தங்க வில்லைகளாகச் செய்த பாஸ்களைத்தான். மதுரையில் இருப்பவருக்கு இவை பெரும்பாலும் இணைய ஏலத்தில்தான் கிட்டும் என்பதால், பொருள் கைக்கு வருமுன்பே பாதிச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

முதலில் வில்லையில் பொறித்த உறுப்பினரின் பெயரைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா நாடாளுமன்றங்களின் இணையதளங்களில் முன்னாள் உறுப்பினர்களின் பதவிக்காலம் தரப்பட்டிருக்கிறது; வில்லையில் பொறித்த ஆண்டு அதற்குள் அடங்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1889 வரை உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது என்பதை நினைத்தால், இந்தச் சலுகையின் அருமை விளங்கும். விற்பவரிடம் எழுத்துகளின் நெருக்கமான படத்தைக் கேட்டு வாங்குங்கள். சுற்றுப்பரப்பு தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூராகப் பளபளத்தால், அது பின்னாளில் வெட்டிய பெயராக இருக்கலாம்.

வந்தபின் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். சிறிய மின்னணுத் தராசில் வில்லையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, வில்லையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 12.4 கிராம் வில்லைக்குத் தராசு 0.8 காட்டினால், முன்னதைப் பின்னதால் வகுத்து வருவது 15.5, அது 18 காரட் தங்கத்துக்கு உரிய அடர்த்தி. முலாம் பூசிய பித்தளை 8.5-ஐ ஒட்டியே நிற்கும். எனாமல் பதித்த வில்லைக்கு இக்கணக்குப் பொருந்தாது.

வளையம் விட்டுப்போன ஒரு வில்லையைத் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு பத்தரிடம் கொடுத்தேன். பொடி வைத்து ஊதி அழகாக ஒட்டியவர், நான் கேளாமலேயே மெருகும் போட்டுவிட்டார்; பெயரின் மெல்லிய கோடுகள் மழுங்கிப்போயின. தப்பு என்னுடையதுதான், வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பழையபடி விடுவதே நல்லது. அழுக்கு நீக்க வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும்.

யானைத் தந்தத்தில் செய்த பழைய பிரிட்டிஷ் பாஸ்களும் ஏலத்துக்கு வருவதுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்பதால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உள்ளூர்ப் பொருளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். 1951-இல் பிற ரயில்வேகளுடன் இணைந்து தெற்கு ரயில்வேயாக உருவான தென்னிந்திய ரயில்வேயின் தாள்கள் கிடைத்தால், அவற்றைக் கொடுத்து வெளிநாட்டுப் பாஸை மாற்றிக்கொள்ள ஆசை வரும். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளையும் 75 ஆண்டு கடந்த வரலாற்று ஆவணத்தையும் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஏலத்தில் எடுத்த தங்க வில்லையைப் பிற்காலத்தில் வெளிநாட்டவருக்கு விற்க நினைத்தாலும், முன்னதாகத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். அப்போது காட்டுவதற்காக ஏல ரசீதையும் சுங்கத் தாளையும் வில்லையோடு சேர்த்தே வைத்திருங்கள்.