பிக்காசோவின் மேடைத் திரைகள்: பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பாரிசின் ஷாத்தலே அரங்கில் 1917 மே 18 அன்று ‘பரேட்’ பாலே அரங்கேறியது. அதற்குப் பிக்காசோ தீட்டிய திரை 10 மீட்டருக்கு மேல் உயரம், 16 மீட்டருக்கு மேல் அகலம். சிறகு முளைத்த குதிரை, ஏணியில் குரங்கு, மேசையைச் சுற்றி சர்க்கஸ்காரர்கள். இதைப் பார்த்ததும் “பாலே நடந்த மேடை இதுதான்” என்று எழுதிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இது.

அது முன்திரை. இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் முன்னிசை முடியும்வரை தொங்கும், பிறகு மேலே போய்விடும். பின்னால் இருந்ததோ கோணல்மாணலாகச் சாய்ந்த, கியூபிச பாணியில் (உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் பாணி) அமைந்த கட்டடங்கள். கூடவே, ஆளை விழுங்கும் உயரத்தில் கட்டமைத்த உடைகளோடு ‘மேலாளர்கள்’ என்ற பாத்திரங்கள். சாதுவான சர்க்கஸ் படத்துக்கு அடுத்த நிமிடமே அந்த நகரம் வருவதால்தான் அதிர்ச்சி. திரையை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் அந்த மோதலே காணாமல் போகும். ஆகவே கையில் இருக்கும் படம் முன்திரையா, பின்திரையா, பக்கத் தட்டியா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தையும் அப்படியே நம்பக் கூடாது. 1924-இன் ‘லு த்ரேன் ப்ளூ’ பாலேயின் முன்திரையில் பிக்காசோவின் கையெழுத்து உண்டு. தீட்டியவரோ மேடை ஓவியர் அலெக்சாந்தர் ஷெர்வாஷிட்சே. 1922-இல் பிக்காசோ வரைந்த, சுமார் 33 × 41 செ.மீ. அளவே உள்ள ஓவியத்தை அவர் 10 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கினார். அந்தத் திரையின் தூரிகைத் தடத்தில் பிக்காசோவின் மனநிலையைத் தேடுவது வீண் வேலை. அந்தப் பாலேக்கு மேடை அமைத்தவர் சிற்பி ஆன்றி லோரான்ஸ், உடை வடிவமைத்தவர் ஷனேல். பிக்காசோவின் மேடை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை!

நிறம் வெளிறியிருக்கிறதே என்று குறை சொல்பவர்களும் உண்டு. ‘பரேட்’ திரை பசை கலந்த வண்ணத்தில் தீட்டியது. அது ஈரத்தில் அடர்ந்திருக்கும், காய்ந்தால் வெளுத்து மினுமினுப்பின்றி நிற்கும். மேடைக்கு வேண்டியதும் அதுதான். எண்ணெய் வண்ணம் விளக்கொளியில் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும். பசை வண்ணம் மடிப்புகளில் உதிரும். நேராக ஓடும் வெளிறிய கோடு பெரும்பாலும் மடிப்பின் தடம், ஓவியர் போட்டதாக எண்ணிவிட வேண்டாம்.

மேடை வரைபடத்தை ஆளில்லாமல் பார்த்து “வெறுமையாக இருக்கிறது” என்பதும் வழக்கம். 1919-இன் ‘மூன்று முனைத் தொப்பி’ பாலேக்கான மேடை மங்கலான நிறங்களில் அடங்கியிருக்கும். அழுத்தமான நிறமெல்லாம் ஆடுபவர்களின் உடையில். 1:25 அளவிலான (உண்மை மேடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) வரைபடம் என்றால் 7 செ.மீ. உயரத்தில் ஓர் ஆளைக் காகிதத்தில் வெட்டி, வண்ணம் பூசி, படத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். 1:50 என்றால் மூன்றரை செ.மீ. போதும்.