எக்ஸாஸ்ட் வாங்குறதுக்கு முன்னாடி ஸாக் செட் பண்ணுங்க

ஆர்சி30 மாதிரி ஒரு வண்டி கைக்கு வந்ததும் எல்லாரும் மொதல்ல எக்ஸாஸ்ட், ரியர் செட் (பின்னாடி தள்ளி வைக்கிற ஃபுட்பெக்)னுதான் தேடுறாங்க. வேர்ல்ட் சூப்பர்பைக் ரேஸுக்காகவே ஹோண்டா செஞ்ச வண்டி அது, 1988, 1989 ரெண்டு வருஷமும் ஃப்ரெட் மெர்கெல் சாம்பியன் ஆனது அதுலதான். பவர்ல குறை ஒண்ணும் இல்லைங்க. ஆனா சஸ்பென்ஷனுக்கு 30 வயசுக்கு மேல ஆச்சு, கடைசியா எந்த புண்ணியவான் வெயிட்டுக்கு செட் பண்ணாரோ. அதனால ஸாக்ல இருந்து, அதாவது வெயிட் ஏறினதும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுங்கிற கணக்குல இருந்து ஆரம்பிப்போம். எந்த ஸ்போர்ட்ஸ் பைக்கா இருந்தாலும் இதே முறைதான்.

தேவையானது: இஞ்ச் டேப், கொஞ்சம் மாஸ்கிங் டேப், கேபிள் டை, சி-ஸ்பேனர் (ஸ்பிரிங் மேல இருக்கிற லாக் ரிங்கை திருகுற கொக்கி ஸ்பேனர்), கூட ரெண்டு பேர். டிஜிட்டல் ஸாக் கேஜ் எல்லாம் வெட்டிச் செலவு. ஆனா சி-ஸ்பேனர் நல்லதா வாங்குங்க, ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் வச்சு லாக் ரிங்கை தட்டுனீங்கன்னா அந்த ரிங்குக்கு அலையப்போறது நீங்கதான்.

1. ஹெல்மெட், லெதர், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கங்க.

2. பின் ஆக்ஸில்ல இருந்து நேர் மேல டெயில்ல ஒரு புள்ளிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க் பண்ணுங்க. சக்கரம் தரையை விட்டு தொங்கும்போது அந்த தூரம்தான் எல்1.

நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். பேடாக் ஸ்டாண்ட்ல ஏத்தி அளக்காதீங்க! ஸ்டாண்ட், பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங்ஆர்மைத்தானே தூக்குது, வண்டியோட பாரம் அப்பவும் ஷாக் (பின்னாடி ஸ்பிரிங்கோட இருக்கிற ஷாக் அப்சார்பர்) மேலதான் இருக்கு, ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். வண்டியை சைடு ஸ்டாண்ட் பக்கமா சாய்ச்சு ரெண்டு பேர் பின்பக்கத்தை தூக்கினா போதும், ஷாக் முழுசா நீண்டுடும்.

3. ஒருத்தர் முன்னாடி வண்டியை நேரா பிடிச்சுக்கட்டும், நீங்க ஓட்டுற பொசிஷன்ல உக்காருங்க. இன்னொருத்தர் டெயிலை அமுக்கி மெதுவா விட்டு அளக்கணும் (எல்2), அப்புறம் லேசா தூக்கி மெதுவா விட்டு அளக்கணும் (எல்3). ரெண்டும் ஒண்ணா வராது, ஷாக்கையும் ஸ்விங்ஆர்மையும் இணைக்கிற லிங்கேஜ்ல உராய்வு இருக்குல்ல, அதனாலதான் சராசரி எடுக்கிறோம். எல்1 520, எல்2 482, எல்3 488னா, சராசரி 485, அதை எல்1-ல கழிச்சா ஸாக் 35 எம்எம். ரோட்டுக்கு 30-ல இருந்து 40-க்குள்ள இருந்தா ஓகே. கூட இருந்தா ப்ரீலோடை (லாக் ரிங்கை திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது) ஏத்துங்க, கம்மியா இருந்தா இறக்குங்க.

4. இப்ப நீங்க இறங்கி, வண்டி தன் வெயிட்டுல மட்டும் எவ்வளவு இறங்குதுன்னு அதே மாதிரி அளங்க. இது ஃப்ரீ ஸாக், பின்னாடி 5-ல இருந்து 10 எம்எம் வரணும். ஸ்பிரிங் சரியா தப்பான்னு சொல்றது இந்த நம்பர்தான். நீங்க உக்காந்தா 35 வருது, ஆனா இறங்கினா கொஞ்சம் கூட அமுங்கலைன்னா ஸ்பிரிங் உங்களுக்கு சாஃப்ட், உங்களைத் தாங்க ப்ரீலோடை எக்கச்சக்கமா ஏத்தி வச்சிருக்கீங்க. ஃப்ரீ ஸாக் 20 கிட்ட வந்தா ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப். பாக்க தலைகீழா தெரியும், ஆனா அப்படித்தான். ப்ரீலோட் ஸ்பிரிங்கை ஸ்டிஃப் ஆக்காதுங்க, வண்டி நிக்கிற உயரத்தை மட்டும்தான் மாத்தும்.

5. முன்னாடி ஃபோர்க்கோட பளபள ட்யூப்ல கேபிள் டை கட்டி இதே கணக்கு. எல்2, எல்3 வித்தியாசம் ரொம்ப பெருசா இருந்தா ப்ரீலோடை தொடாதீங்க, ஆக்ஸில் க்ளாம்ப், ஃபோர்க் புஷ், சீல் இதையெல்லாம் மொதல்ல பாருங்க.

அப்டேட்: ஆர்சி30-க்கு 17 இன்ச் பின் வீல் மாத்தினவர் ஒருத்தர், ஸாக் சரியா இருந்தும் வண்டி திரும்ப மாட்டேங்குதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தார். ஒரிஜினல் டயர் சைஸ் 170/60-18, இப்ப போட்டிருக்கிறது 180/55-17, கணக்கு போட்டா ஆக்ஸில் உயரமே 15 எம்எம் கிட்ட குறையுது, வண்டியோட பின்பக்கம் தாழ்ந்தா ஸ்டீயரிங் சோம்பேறியாத்தான் ஆகும். இதுக்கு ப்ரீலோடை ஏத்தி சமாளிக்காதீங்க, ரைடு ஹைட் அட்ஜஸ்டர் (ப்ரீலோடை தொடாம பின்பக்க உயரத்தை மாத்துறது) இருக்கிற ஷாக் போடுங்க. கழட்டின 18 இன்ச் வீலை மட்டும் தயவுசெஞ்சு வித்துடாதீங்க.