கேம் கதை எழுதிப் பாடம் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது போனில் மட்டும்தான். அந்த ஆர்வத்தைப் பாடத்தின் பக்கம் திருப்ப, பிடித்த கேமின் உலகத்தையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு சொந்தமாகக் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். ஃபேன் ஃபிக்ஷன் என்பார்களே, அதுதான். பள்ளி நாட்களில் நான் எழுதியவற்றில் எங்கெங்கே சறுக்கல் இருந்ததோ, புதிதாக வருகிற பிள்ளைகளும் அங்கேதான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை எழுத எழுதச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில இருக்கின்றன.

பாடத்தைப் பாத்திரத்தின் வாயில் திணிப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமை வைத்து எழுதினாள். நான்கு பேர் கொண்ட ஸ்குவாட் பாராசூட்டில் தொட்டபெட்டா உச்சியில் இறங்குகிறது. நல்ல தொடக்கம். எதிரி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, பனிமூட்டம். அந்த நேரத்தில் தலைவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "வளிமண்டல அழுத்தம் என்பது..." என்று ஆரம்பிக்கிறான். பத்தி முழுவதும் புத்தக வரிகள். "நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று முடிக்கிறான். அப்புறம் மறுபடி சண்டை.

அந்தப் பத்தியை வாசகர் தாண்டிப் போய்விடுவார் என்பது சின்ன நஷ்டம். எழுதியவளே அதைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்பதுதான் பெரிய நஷ்டம். பார்த்து எழுதிய வரி, கை வழியாக வந்து கை வழியாகவே போய்விட்டது. கடல் மட்டத்துக்குச் சொன்ன 100 டிகிரியை 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கிறவன் சொல்கிறான், அவளுக்கு அது உறுத்தவே இல்லை. குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் சாப்பிடுகிற சோற்றுக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இருப்பதை, கதை அவளுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

பேச்சை முழுக்க வெட்டிவிட்டு, ஸ்குவாடுக்குப் பசிக்க வைக்கச் சொன்னேன். கையில் அரிசி, ஒரு திறந்த பாத்திரம், ஈர விறகு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 91, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீரின் வெப்பநிலை ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். அரிசி நடுவில் கல்லாக நிற்கிறது. கேமிலோ சோன், அதாவது பாதுகாப்பான வட்டம், சுருங்கிக்கொண்டே வருகிறது, வெளியே நின்றால் உயிர் குறையும். காத்திருப்பதா, அரைவேக்காட்டை அள்ளிக்கொண்டு ஓடுவதா? இப்போது அழுத்தமும் கொதிநிலையும் கதையின் முடிச்சாகிவிட்டன. மூடியின் மேல் கல்லை ஏற்றி ஆவியை அடக்கலாமா என்று அவளே கேட்டாள். குக்கர் எதற்கு என்பது அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றுக் கதையிலும் இதே தொல்லை உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிற பையன் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை எழுதுவான். தளபதி வந்து "1025ஆம் ஆண்டு" என்று ஒப்பிப்பார். கேமில் கப்பல் எந்த மாதமும் எந்தத் திசையிலும் போகும். பாய்மரக் கப்பலுக்கு அது நடக்காது, பருவக்காற்று திரும்பும்வரை துறையில் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் உணவு குறையட்டும், வீரர்கள் முணுமுணுக்கட்டும். பருவக்காற்றுப் பாடம் அங்கே இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். பாடம் வருகிற வரிகளை அடித்துவிட்டுக் கதையைப் படியுங்கள். கதை அப்படியே நகர்ந்தால், பாடம் இன்னும் உள்ளே வரவில்லை.

கேம் விதியை இயற்கை விதியாக எடுத்துக்கொள்வது

கட்டி கட்டியாக உலகத்தை அடுக்குகிற மைன்கிராஃப்ட் கேமில், லாவா என்கிற எரிமலைக் குழம்பின்மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் என்கிற கருங்கல் கிடைக்கும். அதை வெட்டி எடுக்கக் குறைந்தது டைமண்ட் பிக்காக்ஸ், அதாவது வைரக் கோடாலி, வேண்டும். நிஜ அப்சிடியன், எரிமலைக் குழம்பு படிகமாக நேரமில்லாமல் சட்டென்று ஆறிய கண்ணாடி. கல்லால் தட்டினாலே சில்லு சில்லாகப் பெயரும். பழங்கால மனிதர்கள் அப்படித் தட்டித்தான் கத்தி செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு, தெரிந்தே கேம் விதியின்படி எழுதினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. தெரியாமல் எழுதுகிறவன் நீலகிரியையே எரிமலை ஆக்கிவிடுகிறான். நம் மலை பெரும்பாலும் சார்னோக்கைட், பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை.

நோட்டின் இடது பக்கத்தில் கேம் விதி, வலது பக்கத்தில் நிஜ விதி என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரே கதையில் ஐந்து பாடம்

வேண்டாம். ஒன்று போதும்.

கணக்கைப் போடாமல் விடுவது

மைன்கிராஃப்டில் ஒரு பிளாக் ஒரு கன மீட்டர். ஒரு கன மீட்டர் தங்கத்தின் நிறை சுமார் 19.3 டன். கேமின் நாயகன் ஸ்டீவ் தன் பையின் ஒரே கட்டத்தில் 64 தங்க பிளாக் வைக்கிறான், அதாவது சுமார் 1,235 டன். இதைப் பெருக்கிப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன், அடர்த்தி என்றால் என்னவென்று என்னிடம் கேட்கவே இல்லை. தங்கத்தை மரக்கட்டையாக மாற்றி மறுபடி கணக்குப் போடப் போய்விட்டான்.

அதே கேமில் தண்டவாளம் ஒரு பிளாக் முன்னே போனால் ஒரு பிளாக் மேலே ஏறும். நம் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மிகச் செங்குத்தான இடத்தில் ஏறுவதே சுமார் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். அதற்கும் நடுவில், இன்ஜினின் பற்சக்கரம் கடித்து ஏறுகிற பல்தண்டவாளம் தேவைப்படுகிறது. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி, 46 கிலோமீட்டர் சுற்றி, ஊட்டியில் 2,203 மீட்டரை எட்டுகிறது. கேமின் சரிவில் அந்த இன்ஜினை ஏற்றிக் கதை எழுதுங்கள். எங்கே வழுக்கும், ஏன் வழுக்கும் என்று எழுத, உராய்வுப் பாடத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

கேம் ஆடுகிறவர்களிடம் மட்டும் படித்துக் காட்டுவது

அவர்கள் எல்லாவற்றுக்கும் "செம" என்பார்கள். பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். "அந்தக் கல்லு எப்படிப்பா தண்ணி பட்டதும் வந்துச்சு?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த நாள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.