பழைய பிஎம்எக்ஸ் சந்தைக்குப் போகும் முன்

தெற்கு கலிபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு சைக்கிள் கடை வாசலில் வேன்கள் வரிசையாக வந்து நின்றால், பெரும்பாலும் அன்றைக்குப் பழைய பிஎம்எக்ஸ் சந்தை என்று அர்த்தம். பிஎம்எக்ஸ் என்றால் மண்பாதைப் பந்தயத்துக்கென்று வந்த, இருபது அங்குலச் சக்கரமுள்ள சின்னச் சைக்கிள். ஒரு பக்கம் துடைத்து நிறுத்திய சைக்கிள்கள், பார்வைக்கு. இன்னொரு பக்கம் தார்ப்பாய் விரித்து ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பெடல் மாட்டும் கிராங்க், டப்பா நிறைய நட்டு போல்ட்டு. விற்கலாம், வாங்கலாம், கைமாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்தச் சந்தைகள் உயிர். அதனாலேயே, முதல்முறை வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பிஎம்எக்ஸ் இந்த மண்ணில் பிறந்தது. ஷ்வின் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த ஸ்டிங்-ரே சைக்கிளை எடுத்துக்கொண்டு, மண்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோகிராஸின் வீரர்களைப் போலவே பிள்ளைகள் மண்மேடுகளில் பாய ஆரம்பித்தார்கள். 1970 நவம்பரில் லாங் பீச்சில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற 13 வயதுப் பையன் பந்தயம் ஒன்றை நடத்தி, மோட்டார் சைக்கிளில் தான் வென்ற கோப்பைகளையே பரிசாகக் கொடுத்தான். பிறகு எஸ்இ ரேஸிங் என்ற சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கியதும் அவர்தான். ரெட்லைன், மங்கூஸ், ஜிடி, ஹாரோ என்று அடுத்தடுத்து வந்த பெயர்கள் எல்லாம் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. ஆக, இங்கே தார்ப்பாயில் கிடக்கிற ஒரு ஃபிரேம் நாலு தெரு தள்ளி ஒரு பையன் ஓட்டியதாகவே இருக்கக்கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

அளக்காமல் வாங்குவது

சந்தையில் அதிகம் பணம் வீணாவது இதில்தான். இருபது அங்குலச் சக்கரம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறோம். இல்லை. வழக்கமான பிஎம்எக்ஸ் டயரில் 20 × 1.75 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர். பழைய ஷ்வின் டயர் சிலவற்றில் 20 × 1¾ என்று பின்னமாக எழுதியிருக்கும். கணக்குப்படி 1.75-ம் 1¾-ம் ஒன்றே. ஆனால் அந்த ரிம் 419 மில்லிமீட்டர். எடை குறைந்தவர்களுக்காகவும் பந்தயத்துக்காகவும் வந்த ஒல்லி டயர், 20 × 1⅛, 20 × 1⅜ வகை, 451 மில்லிமீட்டர். மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. நானே ஒருமுறை நல்ல பழுப்பு ஓர டயர் ஜோடி ஒன்றைப் பின்னத்தைக் கவனிக்காமல் வாங்கி வந்து, வீட்டில் அரை மணி நேரம் நெம்புகோலோடு மல்லுக்கட்டி, கடைசியில் எழுத்தைப் படித்த பிறகே விஷயம் புரிந்தது.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மிலும் இதே கதை. பழைய பிஎம்எக்ஸ் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே போகும் தண்டு 21.1 மில்லிமீட்டர். மற்ற சைக்கிள்களில் பரவலாக இருப்பது 22.2. பெரியது சின்னதற்குள் போகாது, அதோடு முடிந்தது. சின்னது பெரியதற்குள் போய்விடும், அங்கேதான் ஆபத்து. எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காமல், ஓட்டும்போது ஹேண்டில்பார் தனியாகத் திரும்பும். பெடலிலும் பாருங்கள்: ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் என்றால் அரை அங்குல மரை, மூன்று துண்டுக் கிராங்க் என்றால் 9/16 அங்குலம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். விற்பவர் இரண்டு வலது பெடலை ஜோடி என்று கட்டி வைத்திருப்பதும் உண்டு.

சட்டைப்பையில் ஒரு வெர்னியர் அளவுகோல் போதும். சீட் தண்டின் அளவை வீட்டிலேயே எடுத்து ஃபோனில் எழுதிக்கொண்டு போங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது மாறும், கண்மதிப்புக்கு எடுபடாது.

புதுசாக்கிவிட வேண்டும் என்ற ஆசை

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மங்கூஸ் ஃபிரேமைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நிக்கல் பூச்சு மங்கிப் போய், சீட் குழாயில் நகராட்சியின் சைக்கிள் உரிம ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் பல ஊர்களில் சைக்கிளுக்கு உரிமம் எடுக்க வேண்டும்; அதற்கான ஸ்டிக்கர் அது. ஊர்ப் பெயர் பாதி தெரிந்தது. பின்பக்கம் சங்கிலி உரசிய தழும்பு. கீழே ஆணியால் கீறிய இரண்டு எழுத்து, யாரோ ஒரு பையனின் பெயர்ச்சுருக்கம். வாங்கியவர் அடுத்த சந்தைக்கு அதையே கொண்டுவந்திருந்தார். மணல் அடித்துச் சுரண்டி, பளபளவென்று வண்ணம் பூசி, புதிதாக அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊரும் இல்லை, அந்த இரண்டு எழுத்தும் இல்லை. அதை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆலையில் பூசிய பெயின்ட் ஒரு தடவைதான். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு. அழுக்கை எடுப்பது வேறு, அடையாளத்தை எடுப்பது வேறு. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பனியன் துணி. குரோம் மேல் படிந்த மேல்துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே போய்விடும். கரகரப்பான இரும்பு நார் வேண்டாம். அது விடும் கீறல் வெயிலில் தனியாகத் தெரியும்.

நீலம், சிவப்பு, தங்க நிறத்தில் அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் நிறப்பூச்சு ஏற்றிய, அலுமினியப் பாகங்களைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். ரிம், ஸ்டெம், பிரேக் லீவர் எல்லாம் இந்த வகையில் வரும். அடுப்பு துடைக்கும் காரமான நுரை மருந்தை இதில் அடித்துவிட்டால் அழுக்கோடு நிறமும் சேர்ந்து கழன்று வந்துவிடும். பூச்சை வேண்டுமென்றே உரிக்க நினைப்பவர்கள் பயன்படுத்துவதே அந்த மருந்தைத்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, முழுச் சைக்கிளைப் பிரித்து விற்பது. நாற்பது வருடம் ஒன்றாகவே இருந்த ஒரு சைக்கிள், ஒரு மத்தியான நேரத்தில் ஏழு கைகளுக்குப் போய்விடுகிறது. துண்டு துண்டாக விற்றால் கூடுதல் காசு வரும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஏற்கெனவே குதறிக் கிடப்பதைப் பிரியுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டயர் முதல் கைப்பிடி வரை கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒன்றை அப்படியே விற்றுவிடுங்கள். பொறுத்தால் ஆள் கிடைப்பார்.

விரிசலும் வயதும்

ஃபிரேமை வாங்கும் முன் தலைகீழாகத் திருப்புங்கள். ஃபோர்க் நுழையும் ஹெட் குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மடிப்போ புடைப்போ கைக்குத் தட்டுப்பட்டால் அது நேராக எதிலோ மோதிய சைக்கிள். வெல்டிங் ஓரத்தில் பெயின்டுக்குள் முடி போலத் துருக்கோடு ஓடினால் அது கீறலாக இல்லாமல் விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். நகத்தை வைத்தால் மாட்டும். காந்தம் கொண்டுவருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது அலுமினியத்தையும் இரும்பையும்தான் பிரித்துக் காட்டும். விலை கூடிய ஃபிரேம்களுக்குப் பயன்படும் குரோமோலி என்ற கலவையும் எஃகுதான், சாதாரணக் குழாயும் எஃகுதான், இரண்டிலும் ஒட்டும்.

ஸ்கைவே டஃப் சக்கரம், அந்த ஐந்து கை நைலான் சக்கரம், எல்லோருக்கும் பிடிக்கும். அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டுப் பாருங்கள். கம்பிச் சக்கரம் ஆடினால் ஸ்போக்கை முறுக்கி நேராக்கலாம், இதில் முறுக்க ஒன்றுமே இல்லை. கைகள் நடுப்பகுதியில் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வருடத்துச் சரக்கு என்பதை விற்பவரின் வாயிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ளாதீர்கள். அந்தக் காலத்து ஷிமானோ நிறுவனப் பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். முதலெழுத்து வருடம், ஏ என்றால் 1976; இரண்டாவது மாதம், ஏ என்றால் ஜனவரி. எஃப்சி என்றிருந்தால் 1981 மார்ச். எஸ்இ ரேஸிங்கின் பிகே ரிப்பர் மாதிரியான பேர்போன சைக்கிள்கள் இப்போதும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1982-இல் வெளிவந்த ஈ.டி. படத்தில் பையன் ஓட்டிய, ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த குவாஹாரா நிறுவனத்தின் சைக்கிளும் பிற்காலத்தில் மறுபடி வந்தது. மறுதயாரிப்பு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. ஓட்டுவதற்கு அதுவே பத்திரம்கூட. அதை அசல் என்று சொல்லி விற்பதும், கேட்காமலே அசல் என்று நம்பி வாங்குவதும்தான் தப்பு. எதை வாங்கினாலும் பெடல் கிராங்க் பொருந்தும் குழாயின் அடியிலோ பின் சக்கரம் மாட்டும் தகட்டிலோ தொடர் எண்ணைத் தேடுங்கள். அது ராவியிருந்தால் திருட்டுச் சரக்காக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேச்சும் பேரமும்

பேரம் பேசலாம், அதற்குத்தானே சந்தை. ஆனால் ஏல இணையதளத்தில் ஒருவர் கேட்கிற விலையை ஃபோனில் காட்டி, "இது இவ்வளவு போகுது" என்று சொல்லாதீர்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இது வாங்குபவருக்கும் பொருந்தும், விற்பவருக்கும் பொருந்தும். சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பொருளை நடுவில் புகுந்து கூடுதலாகக் கேட்பது இங்கே மிகவும் மோசமான பழக்கம்; அவர் கீழே வைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்புறம், விற்பவர்களும் விலைச்சீட்டு எழுதி ஒட்டினால் நல்லது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் விலை கேட்காமலே போய்விடுகிறார்கள்.

கண்காட்சி வரிசையில் நிற்கும் சைக்கிளில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது, உட்காரக் கூடாது. பிள்ளைகளோடு வருபவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். அவர்கள் ஓட்டிப் பார்க்க நடத்துபவர்கள் ஒரு மூலையில் கயிறு கட்டி இரண்டு மூன்று புதுச் சைக்கிள்களை விட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

பழையதை ஓட்டுவது என்றால் டயர்தான் முதல் கவலை. நாற்பது வருட ரப்பரில் பக்கச்சுவரில் அச்சிட்ட அளவுக்குக் காற்றடித்து, வெயிலில் கொதிக்கும் தார்த் தரையில் நிறுத்தினால் வெடிக்கக்கூடும். காட்சிக்கு அசல் டயரில் பாதிக் காற்று, ஓட்டுவதற்குப் புது டயர் என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னது, ஆனால் பலர் விட்டுவிடுவது. காட்சிக்கு நிறுத்தும் சைக்கிளோடு ஒரு அட்டை வையுங்கள். வருடம், ஊர், எது அசல், எது மாற்றியது. அதன் கீழே, "தேடுவது" என்று ஒரு வரி. போன வருடம் என் பக்கத்தில் நின்ற சைக்கிளின் அட்டையில், வலது பிரேக் லீவர் ஒன்று தேடுவதாகவும், நீல நிறம், டயா-காம்ப் நிறுவனத்தது என்றும் எழுதியிருந்தது. மதியம் அதன் சொந்தக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது ஹேண்டில்பாரில் ஒரு நீல லீவர் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "என் டப்பாவில் இருபது வருடமாகக் கிடந்தது. பின்வரிசையில், வெள்ளை வேனில் இருக்கிறேன்."