முதுகெலும்புக் காசநோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும்: ஒரு வழிகாட்டி

முதுகுவலியுடன் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தசைப்பிடிப்போ டிஸ்க் தேய்மானமோதான் காரணமாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்து வருவதால்தான் முதுகெலும்புக் காசநோய் மாதக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. தைலம், சுளுக்கு வழிப்பு, இடுப்புப் பட்டை, வலிமாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கால் மரத்த பிறகு மருத்துவமனைக்கு வருவது நம் நாட்டில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, எம்ஆர்ஐ அறிக்கையில் ‘காசநோயாக இருக்கலாம்’ என்ற ஒரு வரியைப் பார்த்ததும், திசு எதையும் எடுத்துச் சோதிக்காமலே ஓராண்டு மருந்தைத் தொடங்கிவிடுவதும் நடக்கிறது. தாமதம், அவசரம் இரண்டாலும் கெடும் நோய் இது.

எலும்பையும் மூட்டையும் தாக்கும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பிலேயே வருகிறது. கிருமி நுரையீரலிலிருந்தோ நிணநீர்க் கட்டியிலிருந்தோ ரத்தத்தின் வழியே வந்து, பெரும்பாலும் டிஸ்க்கை ஒட்டிய எலும்பு விளிம்புகளில் குடியேறுகிறது. நெஞ்சின் கீழ்ப்பகுதியும் இடுப்புப் பகுதியும் அதற்குப் பிடித்த இடங்கள். எலும்பின் முன்பக்கம் அரிக்கப்பட்டுச் சரியும்போது முதுகு கூன் விழுகிறது. இந்தக் கூனையும் அதனால் வரும் கால் முடக்கத்தையும் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் விவரித்தார். அதனால்தான் மருத்துவர்கள் இதைப் ‘பாட்ஸ் ஸ்பைன்’ என்கிறார்கள்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

ஓய்வெடுத்தாலும் தணியாத, இரவில் கூடுகிற, ஒரே இடத்தைக் குறிப்பாகக் காட்டக்கூடிய முதுகுவலி நான்கு முதல் ஆறு வாரங்களைத் தாண்டினால் காசநோயையும் நினைக்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, பசியின்மை ஆகியவை இருந்தால் சந்தேகம் வலுப்படும். ஆனால் அவை இல்லாதவர்களும் பலர். இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து இந்த நோய் இல்லையென்று தீர்மானிக்க முடியாது.

மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி, பிடரியிலிருந்து இடுப்பு வரை முள்ளெலும்புகளின் மீது விரலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. ஓரிடத்தில் மட்டும் விரல்முட்டி போல ஒன்று புடைத்து நின்றாலோ, அங்கே தட்டும்போது வலித்தாலோ படம் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையாக இருந்தால் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். நோய் உள்ள குழந்தை குனியாது; முதுகை விறைப்பாக நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கிக் குந்தி எடுக்கும்.

படமும் திசுவும்

எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருப்பதில் வியப்பில்லை. எம்ஆர்ஐதான் முதன்மையான படம். வலிக்கும் பகுதியை மட்டும் எடுக்காமல் முழு முதுகெலும்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தொடர்பில்லாத வேறோர் இடத்திலும் நோய் பதுங்கியிருப்பது அரிதன்று. அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டும், நடுவிலுள்ள டிஸ்க் ஓரளவு தப்பியும், முதுகெலும்பின் இருபுறமும் மெல்லிய சுவருள்ள சீழ்க்கட்டி தெரிந்தும் இருந்தால் காசநோயின் பக்கம் தராசு சாய்கிறது. சாதாரணச் சீழ்க் கிருமிகள் டிஸ்க்கை விரைவில் கரைத்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அந்த வேகம் இல்லை.

எனினும் புற்றுநோய்ப் பரவல், மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், கால்நடைகளிடமிருந்து வரும் புருசெல்லா தொற்று ஆகியவையும் படத்தில் இதே வேடத்தைப் போடக்கூடும். எனவே சி.டி. வழிகாட்டுதலுடன் ஊசி செலுத்தித் திசுவையோ சீழையோ எடுப்பதே முறை. எடுத்ததைப் பிரித்து அனுப்புவதில்தான் கவனம் வேண்டும். திசுவியல் ஆய்வுக்கான துண்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போகலாம். கிருமியைத் தேடும் துண்டு வெறும் சலைனில் (உப்புநீரில்)தான் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புக்கு வழியே இல்லாமல் போய், நோயாளி இன்னொரு முறை ஊசி குத்திக்கொள்ள நேரும். மாதிரி அறையை விட்டு வெளியேறும் முன் குப்பிகளைச் சரிபார்ப்பது அரை நிமிட வேலை.

கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை சில மணி நேரத்தில் கிருமியையும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதையும் சொல்லிவிடும். எலும்பில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இச்சோதனை நெகட்டிவாக வந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. கிருமியைத் திரவ ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்பது ஆறு வாரம் வரை எடுத்தாலும், எந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு அதுவே முழுமையான சான்று. ரத்தச் சோதனையில் இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) கூடியிருப்பது எந்த அழற்சியிலும் நடப்பது. நம் நாட்டில் மான்டு எனும் தோல் ஊசிச் சோதனை பாசிட்டிவாக இருப்பதும் பெரிதாக எதையும் நிரூபிக்காது. காசநோய்க்கான ரத்த ஆன்டிபாடிச் சோதனைகளை இந்திய அரசு 2012-இலேயே தடை செய்துவிட்டது. எச்.ஐ.வி.யும் சர்க்கரையும் எல்லோருக்கும் பார்க்கப்பட வேண்டும். திசு எடுப்பதற்கு முன் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொடுத்தால் அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி, முடிவைக் குழப்பிவிடும்.

மருந்து

இந்தியாவில் பின்பற்றப்படும் முறையின்படி முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த பத்து மாதம் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்றும் உடல் எடைக்கேற்ற அளவில் தினமும் தரப்படுகின்றன. தேவைப்பட்டால் மருத்துவர் இதை 18 மாதம் வரை நீட்டிக்கலாம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் 6 அல்லது 9 மாத மருந்தே நல்ல பலன் தந்தது உண்மைதான். ஆனால் முதுகெலும்பு முழுமையாக ஆறியதா என்பதை உறுதிசெய்வது கடினம் என்பதால் 12 மாதத்தைக் கடைப்பிடிப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. அந்த ஆய்வும் அதற்கு முன் கொரியாவில் நடந்தவையும் இன்னொரு கேள்விக்கும் விடை தந்தன: மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதாலோ மாவுக்கட்டுக் கவசம் போடுவதாலோ கூடுதல் நன்மை இல்லை. நரம்பு பாதிக்கப்படாமல் எலும்பும் உறுதியாக இருந்தால் நோயாளி நடமாடலாம்.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. அதைக் கண்டு மருந்தை நிறுத்தக் கூடாது. வெள்ளை விழி மஞ்சளானாலோ, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்து வந்தாலோ அது கல்லீரலின் எச்சரிக்கை. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடும் என்பதால் சிவப்பு, பச்சை நிறங்கள் மங்கினால் சொல்லச் சொல்லுங்கள். ஐசோனியாசிட்டால் கால் எரியாமலிருக்கப் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தினம் 10 மி.கி. சேர்க்கப்படுகிறது.

நோயாளியை அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்வது தனியார் மருத்துவருக்கும் கட்டாயம். பதிவானவர்களுக்கு மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்கான மாத உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். முதுகெலும்பில் மட்டும் உள்ள நோய் பிறருக்குத் தொற்றாது என்பதால் தனித்தட்டும் தனி அறையும் தேவையில்லை. நுரையீரலிலும் நோய் இல்லையென்று மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பலன் தெரியாவிட்டால்

மூன்று நான்கு வாரங்களில் காய்ச்சல் தணிந்து, பசி திரும்பி, இரவுத் தூக்கம் வர வேண்டும். எம்ஆர்ஐ அவ்வளவு சீக்கிரம் மாறாது. முதல் சில மாதங்களில் சீழ்க்கட்டி பெரிதானது போலக்கூடத் தெரியலாம். படத்தை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி குறையாமல், புதிய கட்டியோ புண்ணோ தோன்றினால் மருந்து எதிர்ப்புள்ள கிருமியா, அல்லது நோயே வேறா என்று அறிய மீண்டும் திசு எடுக்க வேண்டும். பலன் தராத சிகிச்சையோடு ஒரே ஒரு புது மருந்தைச் சேர்ப்பது, அந்த மருந்தையும் இழக்கும் வழி. மருந்து எதிர்ப்புள்ள நுரையீரல் காசநோய்க்குப் புதிதாக வந்துள்ள 6 மாத பெடாக்விலின், பிரெட்டோமனிட் கூட்டுச் சிகிச்சையை எலும்புக் காசநோய்க்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. இங்கே நீண்ட கால மருந்துதான்.

அறுவை சிகிச்சை

பெரும்பாலானவர்களுக்கு அறுவை தேவைப்படாது. கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலும், மருந்து தொடங்கிச் சில வாரங்களாகியும் மீளாவிட்டாலும், எலும்பு நிலைகுலைந்தாலும், கூன் அதிகமானாலும், ஊசியில் நோய் உறுதியாகாவிட்டாலும் மட்டுமே கத்தியைத் தொட வேண்டும் என்று எலும்பு அறுவைப் பேராசிரியர் எஸ்.எம். துலி 1970-களில் வகுத்த ‘நடுவழி’ இன்றும் அடிப்படையாக நிற்கிறது.

குழந்தைகள் விதிவிலக்கு. அவர்களுக்கு நோய் ஆறிய பிறகும் வளர்ச்சி முடியும் வரை கூன் கூடிக்கொண்டே போகலாம். கோயம்புத்தூர் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் எக்ஸ்ரேயில் கவனிக்க நான்கு அறிகுறிகளைச் சுட்டினார்: பின்புற மூட்டுகள் விலகுதல், சிதைந்த எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், எலும்பு பக்கவாட்டில் நகர்தல், மேல் எலும்பு கீழ் எலும்பின் மீது கவிழ்தல். இவற்றில் இரண்டுக்கு மேல் தென்பட்டால் கூன் முற்றும்வரை காத்திருக்காமல் அறுவைக்கு அனுப்ப வேண்டும்.

அரிய சிக்கல்கள்

தண்டுவடம் அழுந்துவது அரிதான சிக்கலன்று. ஆனால் அது தொடங்கும் விதத்தைப் பலர் கவனிப்பதில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, படி இறங்கும்போது தடுமாறுவது, கால் தானாகத் துடித்து மடங்குவது ஆகியவை முதலில் வரும். சிறுநீர் அடைத்தால் மணிக்கணக்கு முக்கியம். அழுத்தம் சிறிதாக இருந்தும் கால் திடீரென முற்றிலும் செயலிழந்தால் தண்டுவட ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். தண்டுவட உறைகள் ஒட்டிப்போவதும், தண்டுவடத்துக்குள்ளேயே காசநோய்க் கழலை வளர்வதும் எம்ஆர்ஐயில் தேடிப் பார்க்க வேண்டியவை. நோய் ஆறிப் பல ஆண்டுகள் கழித்து, முற்றிய கூனின் மீது தண்டுவடம் இழுபட்டு வரும் முடக்கம் வேறு வகை. அதற்கு அறுவையின் பலன் குறைவு, ஆபத்து அதிகம்.

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளில் வரும் நோயை எளிதாக எண்ணக் கூடாது. எழும்போதும் படுக்கும்போதும் தலையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொள்பவரின் கழுத்தைத் திருப்பவோ உருவவோ யாரையும் விடக் கூடாது. அந்த எலும்புகள் நழுவினால் மூச்சே நின்றுவிடலாம். கெட்டியான கழுத்துப் பட்டை முதலில், மற்றவை பிறகு. தொண்டைக்குப் பின்னால் சீழ் கோத்தால் விழுங்கச் சிரமமும் மூச்சுத்திணறலும் வரும்.

இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளிலிருந்து, தொடை வரை செல்லும் சோவாஸ் தசை வழியே இறங்கும் சீழ், தொடையிடுக்கில் வலியற்ற, சூடில்லாத வீக்கமாக வெளிப்பட்டு, குடலிறக்கம் என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. அதைக் கொப்புளம் போலக் கீறிவிட்டால் சீழ் வடியும் ஆறாத புரை விழும்; நல்ல தோலின் வழியே, மேட்டுப் பகுதியிலிருந்து ஊசியாலோ குழாயாலோ எடுக்க வேண்டும். அதனினும் அரிதாக, அருகிலுள்ள மகாதமனியின் (உடலின் முதன்மை ரத்தக்குழாயின்) சுவரை நோய் அரித்து, ரத்தம் கசிந்து தேங்கும் பொய்க் குமிழ் உண்டாகும். முதுகெலும்பை ஒட்டிய கட்டி துடித்தாலோ, சிகிச்சையின் நடுவே முதுகிலோ வயிற்றிலோ திடீர் வலியும் ரத்த அழுத்தச் சரிவும் வந்தாலோ, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. எடுக்காமல் எந்தக் கட்டியிலும் ஊசி வைக்கக் கூடாது.

மருந்து முடிந்த பிறகு இரண்டு ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் வர வேண்டும். குழந்தையாக இருந்தால் வளர்ச்சி முடியும் வரை ஆண்டுதோறும் நின்ற நிலையில் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, கூனின் கோணத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய படங்களைப் பெற்றோர் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுவர வேண்டும்.