பலமும் வலுவும்: எம்.எஸ். உள்ளவர்களுக்கான வீட்டுப் பயிற்சி

மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பு நார்களைப் போர்த்திருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே சிதைக்கும் நோயாகும். மூளையின் கட்டளை பிந்தியும் குறைந்தும் வந்து சேர்வதால் கால் பாரமாகிறது. பாரமான காலை ஆட்டாமல் விடுவதால் தசை இன்னும் மெலிகிறது. இவற்றில் இரண்டாவதைப் பயிற்சியால் பெருமளவு மீட்கலாம். “வருத்தக்காரர், பேசாமல் படுத்திருக்கட்டும்” என்று வீட்டார் பரிவோடு சொல்வது அந்த இரண்டாவது இழப்பையே வளர்க்கிறது.

பாடசாலைப் பௌதிகத்தில் வேலையை நேரத்தால் வகுத்தால் வருவதை வலு என்று படித்தோம். பயிற்சியிலும் அதே பொருள்தான். கிரவல் வீதியில் கால் தட்டுப்படும்போது மறுகாலை உடனே முன்னே வைக்க வேண்டும். எவ்வளவு பலம் இருந்தாலும் அது பிந்தி வந்தால் விழுந்துவிடுவோம்.

கிளினிக் போகும் நாளில் இயன்மருத்துவரிடமும் காட்டி, அவர் சம்மதித்த பின் தொடங்குங்கள். கைபிடியுள்ள உறுதியான கதிரையைச் சுவரோடு முட்ட வையுங்கள். மினுக்கிய சீமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கிப் பின்னே போகும். அதை நம்ப வேண்டாம். நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை குனிந்து எழும்புங்கள். முதல் சில கிழமைகள் எழும்புவதும் இருப்பதும் மெதுவாகவே நடக்கட்டும். அது பிடிபட்ட பின், எழும்பும்போது மட்டும் இயன்றளவு விரைந்து எழும்பி, இருக்கும்போது மனத்துள் மூன்று எண்ணியபடி இறங்குங்கள். வலு அந்த விரைவில்தான் வளர்கிறது. பொத்தென்று விழுந்து இருந்தால் பயிற்சியின் பாதி வீண். விரைவு கூடும்போது கால் விறைத்தாலோ துடித்தாலோ வேகத்தை விட்டுவிட்டு, அடுத்த முறை இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எட்டு முதல் பத்துத் தடவை செய்வது ஒரு சுற்று. அதன்பின் இரண்டு மூன்று நிமிடம் ஆறுங்கள். எழும்பும் வேகம் தளர்ந்தால், எண்ணிக்கை முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். கிழமையில் இரண்டு நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். சமையல்மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதையும், இருந்தபடி பாதத்தின் முன்பகுதியை உயர்த்துவதையும் அதே அளவில் சேர்க்கலாம்.

வன்னியில் இதற்கெல்லாம் தடையாக முன்னே நிற்பது வெக்கை. உடல் அரைப் பாகை சூடேறினாலே சிலருக்குப் பார்வை மங்கும், கால் தளரும். ஜெர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890இல் விவரித்த இந்த நிலை உடல் குளிர்ந்ததும் நீங்கிவிடும். அது நோய் முற்றியதன் அடையாளமன்று. ஆகவே வெயில் ஏறுமுன், காற்றுப் படும் விறாந்தையில், கழுத்தில் ஈரத்துவாயோடும் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரோடும் செய்யுங்கள். சோளகக் காலத்துப் பின்னேரம் உகந்ததன்று. தளர்ச்சி குளிர்ந்த பின்னும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது புதிய அறிகுறி தோன்றினால், பயிற்சியை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள்.

செய்த எண்ணிக்கையையும் மறுநாள் காலையின் களைப்பையும் கொப்பியில் குறித்து வாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து பத்தும் இலகுவாக முடிந்தால் இன்னொரு சுற்றைச் சேர்த்து, அதுவும் இலகுவான பின் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்து எழும்பலாம். மறுநாளும் களைப்பு ஆறாதிருந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.